டக்... டக்... ஏர்கோன் என்ன சொல்கிறது?

என் அப்பா இரவுப் பாதுகாவலர். காலையில் வேலை முடிந்து, ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் பகலில்தான் உறங்குவார். ஜார்ஜ் டவுனின் பகல் வெயில் 32 பாகை செல்சியசைத் தொடும்போது காற்றாடி மட்டும் போதாது. ஆகவே, சேமித்த பணத்தில் பழைய ஏர்கோன் ஒன்றை வாங்கி மாட்டினோம். சென்ற ஆண்டு அதிலிருந்து விதவிதமான சத்தங்கள் கிளம்பின. பழுதுபார்க்க வந்த ஒருவர், "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று 150 ரிங்கிட் வாங்கிச் சென்றார். மறுவாரமே சத்தம் திரும்பி வந்தது.

"தம்பி, படிக்கிற பிள்ளைதானே, இது என்ன சத்தம்னு சொல்லேன்" என்றார் அப்பா. இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்த நான், தமிழில் விளக்கத் தடுமாறினேன். அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு பகிர்கிறேன்.

முதலில், பயப்பட வேண்டாத சத்தங்கள். ஏர்கோனை முடுக்கியதும் அடைத்ததும் கேட்கும் 'டக் டக்', அதன் பிளாஸ்டிக் உறை குளிரில் சுருங்கி, வெப்பத்தில் விரிவதால் வருவது. தமிழ்ப்பள்ளியில் படித்த அதே பாடம்தான்! அடைத்த பின் சிறிது நேரம் கேட்கும் 'ஸ்ஸ்' ஒலி, குழாய்களுக்குள் அழுத்தம் சமமாவதன் அடையாளம். உயரமான மாடிகளில் நீர் வடியும் குழாய் வழியே காற்று உள்ளே ஏறினால் 'குளு குளு' எனக் கேட்கும்.

அடுத்து, கவனிக்க வேண்டியவை. 'கடகட' என்றால் திருகாணி தளர்ந்திருக்கலாம். 'கிறீச்' என்றால் விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கலாம். 'தடதட' என்ற அதிர்வுக்கு, சுழலும் விசிறிச் சக்கரத்தில் அப்பிய அழுக்கும் காரணமாகலாம். 'ஸ்ஸ்' ஒலி ஓயாமல் கேட்டு, குளிர் குறைந்து, குழாயில் பனி படிந்தால் கேஸ் கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: கேஸ் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதன்று, மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதே.

இறுதியாக, உடனே நிறுத்த வேண்டியவை. வெளிப்பெட்டி 'ம்ம்ம்' என முனகியும் ஓடாவிட்டால் கெபாசிட்டர் பழுதாகியிருக்கலாம். தீய்ந்த வாடையோடு 'கரகர' ஒலி வந்தால் மின் இணைப்பில் கோளாறு இருக்கலாம். சுவிட்சை அடைத்துவிட்டு, தகுதியுள்ளவரை அழையுங்கள். நீங்களே பெட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பினாங்கின் உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டம் அதிர்ந்தால் அலட்சியம் வேண்டாம். கீழே மனிதர்கள் நடக்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சத்தத்திற்குக் காரணம் விசிறிச் சக்கரத்து அழுக்குதான். வேறொருவர் வந்து கழுவித் தந்ததும் அடங்கியது. சில மாதங்களில் வெளிப்பெட்டி முனகியபோது, துடைப்பக் கட்டையால் தட்டப் போன அப்பாவைத் தடுத்து, சுவிட்சை அடைத்தேன். கெபாசிட்டரை மட்டும் மாற்றினோம்; கம்ப்ரசர் தப்பியது.

நண்பர்களே, கற்றதை வீட்டில் உள்ளவர்களிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். இப்போதெல்லாம் 'டக்' எனக் கேட்டு நான் நிமிர்ந்தால், அப்பா கண்ணைத் திறக்காமலேயே சொல்கிறார்: "பிளாஸ்டிக் சுருங்குது தம்பி, நீ படி."