காவிரியில் படகும் நீரோட்டமும்

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுமிடத்தில் அமைந்த தீவு ஸ்ரீரங்கப்பட்டணம். இங்கு ஆறு அகன்று, ஆழம் குறைந்து, பாறைகளினூடே ஓடுகின்றது. கப்பல் செல்லத்தக்க ஆறன்று. பரிசலுக்கும் துடுப்புப் படகிற்குமே ஏற்றது. எனினும் படகு நீரை எவ்வாறு கலக்குகின்றது என்பதை இங்கு நன்கு காணலாம்.

முன்னேறும் படகு எதிருள்ள நீரை விலக்குகின்றது. விலகிய நீர் இரு பக்கங்களிலும் பின்னோக்கி விரைந்து, படகு விட்டுச்சென்ற இடத்தை நிரப்புகின்றது. அகன்ற ஆற்றில் இப்பின்னோட்டம் புலப்படாது. குறுகிய கால்வாயிலோ அது வலுப்பெறும். கரையோர நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து மீண்டும் உயரும். கரைமண் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அலை. ஆழ்ந்த நீரில் படகின் பின்னே விரியும் அலைகள் நடுக்கோட்டின் இருபுறமும் சுமார் 19.5 பாகைக்குள் அடங்குமென, பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1887-இல் கணித்துக் காட்டினார். அலையின் உயரம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, கரையருகே வேகத்தைச் சிறிது தணித்தாலும் பயன் பெரிது.

மூங்கில் பின்னிய வட்டப் பரிசல் சில அங்குலமே நீரில் அமிழும். அதன் துடுப்பு எழுப்பும் சுழல்கள் சில கணங்களில் அடங்கிவிடும். பாறைகள் இயல்பாக உண்டாக்கும் கொந்தளிப்பின் முன் அவை பொருட்டல்ல. இயந்திரப் படகின் சுழல்விசிறி அவ்வாறன்று. அது பின்னே தள்ளும் நீர்த்தாரை ஆழமற்ற இடத்தில் அடித்தளத்தைத் தாக்கி வண்டலைக் கிளப்பும். மணல் விரைவில் படியும். நுண்களியோ நெடுநேரம் மிதந்து, நீர்த்தாவரங்களுக்கு வேண்டிய ஒளியை மறைக்கும்.

அருகிலுள்ள ரங்கனதிட்டு 1940-இல் பறவைச் சரணாலயமாயிற்று; 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இங்குள்ள திட்டுகளை அரிப்பதில் பெரும்பங்கு வெள்ளத்திற்கே உண்டு. படகை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஆயினும் நீர்மட்டத்தை ஒட்டிய பாறைகளில் ஆற்று ஆலாக்கள் முட்டையிடுகின்றன. ஒரு சாண் உயர அலையும் அங்கு சிறிதன்று.

நீரளவை ஊழியர் படகு கடந்தவுடன் அளவுகோலை வாசிக்கலாகாது. அலை அடங்கக் காத்திருத்தல் வேண்டும். படகிலிருந்து ஓட்டமானியை இறக்குவோர், படகே கலக்காத நீரில், அதாவது முகப்பிற்கு முன்னே, இறக்க வேண்டும். ஆசிரியர்கள் அகன்ற தட்டொன்றில் நீர் நிரப்பி, ஓரத்தில் ஈரமண்ணைச் சரிவாக அணைத்து, மரத்துண்டொன்றை முதலில் மெதுவாகவும் பின்பு விரைவாகவும் இழுத்துக் காட்டலாம். எப்போது நீர் கலங்குகின்றது என்பதை மாணவரே சொல்லட்டும்.