அமிலமா, காரமா? மூக்காலும் அறியலாம்

நடுநிலை வகுப்புகளில் அமிலம், காரம் என்றதும் ஆசிரியர் கையில் எடுப்பது மஞ்சள் தடவிய தாளைத்தான். சோப்புத் தண்ணீர் பட்டால் தாள் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகவே இருக்கும். செலவில்லாத, நல்ல சோதனை. ஆனால், பார்வையற்ற மாணவிக்கு அதில் பங்கு இல்லை. பக்கத்தில் இருப்பவர் சொல்வதை அவர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாத மாணவரும் தடுமாறலாம்.

நோக்கம் வேறு, வழி வேறு

இந்தப் பாடத்தின் நோக்கம் அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிவது. நிறம் அதற்கு ஒரு வழி மட்டுமே. வாசனை இன்னொரு வழி. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே இந்தச் சோதனை உண்டு. பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு துணித் துண்டுகளைப் பையில் கட்டி, ஓர் இரவு வைக்க வேண்டும். மறுநாள் ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடையும் சில சொட்டுகள் விட்டு அலச வேண்டும். அமிலம் பட்ட துணியில் வெங்காய வாசம் இருக்கும். காரம் பட்டதில் இராது. சொட்டு விடுவதும் அலசுவதும் ஆசிரியர் வேலை. முகர்ந்து முடிவு சொல்வது மாணவர் வேலை. இரு சோதனைகளையும் வகுப்பு முழுவதற்கும் வைத்தால், யாரையும் தனியே பிரித்து உட்கார வைக்க வேண்டியதில்லை.

மூன்று கேள்விகள்

அமெரிக்காவில் 1984-ல் தொடங்கப்பட்ட 'காஸ்ட்' அமைப்பு, 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்ற முறையை வகுத்தது. பாடத்தில் ஈடுபட, பாடத்தைப் பெற, கற்றதை வெளிப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டா என்று அது கேட்கிறது. செவித்திறன் குறைந்த மாணவருக்குச் செய்முறைப் படிகள் எழுத்தாகவும் படமாகவும் வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடி ஆசிரியர் பேசினால் உதட்டசைவு தெரியாது. டிஸ்லெக்சியா உள்ளவர் முடிவை வாயால் சொல்லட்டும். கடும் வாசனை தாங்காதவர் மஞ்சள் தாளைக் கொண்டே முடிவு சொல்லட்டும்.

இது ஆசிரியரின் கருணையைப் பொறுத்த விஷயமல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து கற்க வேண்டும், கற்பிக்கும் முறை அதற்கேற்ப மாற வேண்டும் என்கிறது. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் அதில் அடக்கம்.

ஆசிரியர்களே, அடுத்த பாடக்குறிப்பில் முதலில் நோக்கத்தை எழுதுங்கள். அதன் கீழே, அதை அடைய இரண்டு வழிகளையாவது எழுதுங்கள். இரண்டாவது வழி கிடைக்காவிட்டால் சிறப்பாசிரியரிடமும் மாணவரிடமும் கேளுங்கள்.