சிறு முகிலும் ஒரு பெரும் தேடலும்



மழை ஓய்ந்த டிசம்பர் இரவொன்றில், இஷாவுக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் நின்று வடக்கு வானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கண்டி நகரத்து விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. மடவளை, கலகெதரைப் பக்கம் வெளிச்சமில்லாத வயலோரத்தில், நிலவில்லாத நாளில் பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையில், பாதிக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு வெண்திட்டுத் தெரியும். அதுதான் அன்ட்ரொமீடா. நமது பால்வீதியைப் போன்ற இன்னொரு நட்சத்திரக் கூட்டம். தூரம் ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டு.

பாரசீகத்து அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964 அளவில் அரபியில் எழுதிய நட்சத்திர நூலில் இதனைச் சிறு முகில் என்று குறித்து வைத்தார். தொலைநோக்கி வருவதற்கு 600 வருடங்களுக்கும் முந்திய காலம் அது!

1970 இல் வேரா ரூபின் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவருடைய சக ஆய்வாளரும் இந்த முகிலின் சுழற்சியை அளந்தார்கள். ஓரத்தில் வேகம் குறைய வேண்டும்; ஆனால் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று தன் ஈர்ப்பினால் அந்த ஓரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதனைக் கரும்பொருள் என்கிறார்கள். அண்டத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு இதுவே என்பது கணக்கு.

ஒளி தராததை எப்படிக் காண்பது?

பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதைக் கண்டிருப்பீர்கள். பாரமான பொருளின் ஈர்ப்பும் ஒளியை அப்படி வளைத்துக் குவிக்கும். இருண்ட பொருளொன்று தூரத்து நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடந்து சென்றால், அந்த நட்சத்திரம் மெல்லப் பிரகாசமாகி, அதேபோல மெல்ல மங்கும். பிறகு அது திரும்ப நிகழாது. இதற்கு ஈர்ப்பு நுண்வில்லை என்று பெயர். இவ்வழியில் கரும்பொருளைத் தேடலாம் என்று 1986 இல் கூறியவர் போலந்து விஞ்ஞானி பொஹ்டான் பச்சின்ஸ்கி.

இந்தியாவின் நைனிடால் மலையில், 104 செ.மீ. தொலைநோக்கியால் 1998 முதல் 2002 வரை அன்ட்ரொமீடாவைக் கவனித்தார்கள். நுண்வில்லை எனக் கருதத்தக்க ஒரேயொரு நிகழ்வைப் பற்றி 2005 இல் எழுதினார்கள். 2014 நவம்பரில் யப்பானியர் ஹவாய் மலையிலுள்ள சுபாரு தொலைநோக்கியால் அதே முகிலை ஓரிரவில் 7 மணித்தியாலம் பார்த்தார்கள். கரும்பொருள் முழுவதும் சந்திரனைவிடச் சிறிய கருந்துளைகளாயின், ஆயிரம் நிகழ்வுகள் வரை தெரிந்திருக்கும். தென்பட்டதோ ஒன்றுதான்.

இதைச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்படியென்றால் இவ்வளவு பாடும் வீண்தானே, ஹஸ்ரத்?"

"மோதிரம் தொலைந்தால் உம்மா என்ன செய்வார்?" என்றேன்.

"அறை அறையாகக் கூட்டிப் பார்ப்பார்."

"நாலு அறையில் இல்லையென்று தெரிந்தால் அது வீணா? ஐந்தாவது அறைக்கு வழி அதுதானே!"

சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

சிறிய கருந்துளைகள் என்ற அறையை இப்படித்தான் பெரும்பாலும் கூட்டி முடித்திருக்கிறார்கள். வேறு சிலர் கரும்பொருளை நுண்ணிய துகள்களாக எண்ணி, பூமிக்கடியில் கருவிகளை வைத்துத் தேடுகிறார்கள். இன்னும் அகப்படவில்லை.

சகோதரிகளே! அடுத்த டிசம்பரில் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வந்து அந்தச் சிறு முகிலைக் காட்டுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால், "முழுவதும் தெரியாது மகள், தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லுங்கள். நாளை தேடப் போகிறவர்களில் உங்கள் மகளும் ஒருத்தியாகலாம்.