காவலனே கதவு திறந்தால்

வைரஸ் தனித்துப் பெருகும் ஆற்றலற்றது. பிறிதோர் உயிரணுவினுள் புகுந்து, அதன் புரதங்களை ஏவல் கொண்டே அது பல்கிப் பெருகுகிறது. ஆகவே நோயின் வேரை வைரஸிடம் மட்டுமன்றி, அதற்கு இடங்கொடுக்கும் உயிரணுவிலும் தேடுதல் வேண்டும்.

பன்றிகளைத் தாக்கும் பி.ஆர்.ஆர்.எஸ். என்னும் நோய் இதற்குத் தக்க சான்றாகும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அறியப்பட்ட இந்நோய், சினைப்பன்றிகளின் கருவைச் சிதைக்கும். குட்டிகளை மூச்சுத்திணறலால் வாட்டும். 1991இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் நகரில் இதன் வைரஸ் இனங்காணப்பட்டது.

நுரையீரலைக் காக்கும் விழுங்கணுக்களே இவ்வைரஸின் புகலிடம் என்பது வியப்புக்குரியது. அவ்வணுக்களிலுள்ள சி.டி.163 என்னும் புரதம், சிதைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினை அகற்றும் நற்பணியைச் செய்வது. அதனையே வைரஸ் தன் வாயிலாக்கிக் கொள்கிறது.

மிசௌரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரபணுவைத் திருத்தி இப்புரதமற்ற பன்றிகளை உருவாக்கினர். வைரஸைச் செலுத்தியும் அவை நோயுறவில்லை. ஆயின், நற்பணி புரியும் புரதத்தை முற்றிலும் இழத்தல் தகுமோ? இவ்வினாவுக்கு ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தார் விடை கண்டனர். வைரஸுக்குத் துணைபோகும் ஐந்தாம் கூற்றை மட்டும் அவர்கள் நீக்கினர். புரதத்தின் பணி குன்றவில்லை. 2018இல் வெளியான ஆய்வில் அப்பன்றிகள் நோயை எதிர்த்து நின்றன. 2025 ஏப்ரலில், இந்நோயை எதிர்க்குமாறு மரபணு திருத்தப்பட்ட பன்றிகளுக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது.

கள்வன் நுழையும் வழியை அடைப்பதற்காக வீட்டையே இடித்தல் வேண்டா. எதனை நீக்குவது என்பதோடு, எதனைக் காப்பது என்பதையும் அறிந்த அறிவே பயன்தரும் அறிவு.