ஒளி மங்கினால் பல்பை மட்டும் குறை கூறாதீர்கள்

சேலத்தில் தொடங்கி, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சியின் இடப்பள்ளியைச் சென்றடையும் தேசிய நெடுஞ்சாலை 544-இன் இறுதிக் கட்டத்தில் அமைந்துள்ளது தொழில் நகரமான களமசேரி. வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்திற்கான சாலையும் இங்கிருந்தே பிரிகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கிடையே இரவில் கார் ஓட்டுவது இப்பகுதியில் வசிப்போருக்கும், தமிழகத்திலிருந்து வந்து செல்வோருக்கும் வழக்கமான ஒன்று. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. நனைந்த சாலை, விளக்கின் ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்குத் திருப்பாமல் முன்னோக்கியே பிரதிபலித்துவிடும். கோடையில் போதுமானதாகத் தோன்றிய முகப்பு விளக்கு, மழை இரவில் போதாமற்போவது இதனால்தான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகுமெனில், அதற்குள்ளாகவே 25 மீட்டர் கடந்துவிடும். ஈரச் சாலையில் வண்டி நிற்க மேலும் 28 மீட்டராவது தேவைப்படும். ஆக, 50 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெரியாவிட்டால் அந்த வேகமே ஆபத்தானது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 105-ஆவது விதியோ, 155 மீட்டர் தொலைவில் உள்ள மனிதரும் வாகனமும் தெளிவாகப் புலப்படும் வகையில் விளக்குகள் இருக்க வேண்டும் என்கிறது.

விளக்கில் பழுது தோன்றியதும் புதிய பல்பை வாங்குவதே பலரின் வழக்கம். பழுது பல்பில் இல்லாதபோது அது வீண் செலவு. உண்மையான குறை மறைந்தே கிடக்கும். பழுது எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை முதலில் கவனித்தால், அது எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எந்த விளக்கு எரியவில்லை?

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையெனில், அந்தப் பக்கத்துப் பல்பு, ஃபியூஸ், கப்ளர் எனப்படும் இணைப்பான் ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும். எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, பல்பு ஆறிய பின் இரு பக்கத்துப் பல்புகளையும் இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். பழுது பல்புடன் மறுபக்கம் சென்றால் குறை பல்பில். அதே பக்கத்தில் நின்றால் குறை ஃபியூஸிலோ ஒயரிங்கிலோ. இச்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

‘டிம்’ எரியாமல் ‘பிரைட்’ மட்டும் எரிந்தால் பல்பின் வகையைப் பாருங்கள். பல கார்களில் உள்ள எச்4 பல்பில் 55 வாட், 60 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று எரியும். இரு பக்கத்திலும் ஒரே நேரத்தில் ‘டிம்’ நின்றுபோனால் ரிலேயையும், ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சையும் முதலில் ஐயுற வேண்டும். எனினும், ஒரு பக்கப் பல்பு முன்பே அறுந்திருந்து, அதைக் கவனியாமல் ஓட்டிய நிலையில் மற்றதும் அறுந்திருக்கலாம்.

எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே பொருத்த வேண்டும். அதுவும் உடனே எரிந்தால், எங்கோ ஒயர் உரசி மின்கசிவு ஏற்படுகிறது என்று பொருள். அந்நிலையில் அதிக ஆம்பியர் ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ பொருத்துவது தீ விபத்துக்கு இடமளிப்பதாகும்.

எரிகிறது, ஆனால் மங்கலாக

கடற்காற்றும் ஈரமும் மிகுந்த கொச்சி போன்ற இடங்களில் அதிகம் காணப்படும் குறை இதுவே. மின்சாரம் பல்புக்கு வந்தால் மட்டும் போதாது. ‘எர்த்’ இணைப்பின் வழியே பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பிச் செல்லவும் வேண்டும். அந்த ஒயர் காரின் உடற்பகுதியில் திருகப்பட்டுள்ள இடத்தில் துரு ஏறினால், மின்னழுத்தத்தின் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது. ஹாலஜன் பல்புக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், அதன் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும்.

இண்டிகேட்டரைப் போடும்போது முகப்பு விளக்கும் சேர்ந்து துடித்தால் எர்த் இணைப்பை ஐயுறலாம். இதை மல்டிமீட்டரால் உறுதி செய்யலாம். விளக்கு எரியும் நிலையில், ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைப் பல்பு கப்ளரின் எர்த் இணைப்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் துருவைச் சுரண்டி, இறுக்கமாகத் திருகி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

இரு விளக்குகளும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பிரகாசித்து, விட்டதும் மங்கினால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கச் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருப்பது இயல்பு.

அடிக்கடி அறுந்துபோகும் பல்பு

மேற்கண்ட அளவைவிட மின்னழுத்தம் மிகுந்தாலும் தீங்கே. வெறும் 5 சதவீத மிகுதி, ஹாலஜன் பல்பின் ஆயுளை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். பொருத்தும்போது கண்ணாடியை விரலால் தொடுவதும் ஒரு காரணம். படிந்த எண்ணெய்ப் பசையில் வெப்பம் குவிந்து கண்ணாடி சேதமடைகிறது. தூய துணியால் பிடித்துப் பொருத்துவதே முறை. செனான் விளக்குகளைத் தொடவே வேண்டாம். அவற்றைப் பற்றவைக்கும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டையும் தாண்டக்கூடியது.

உறையும் நீரும்

விளக்கின் முன்னுறை பாலிகார்பனேட்டால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் நாளடைவில் மஞ்சளித்துவிடும். அதன் பின் புதிய பல்பைப் போட்டும் பயனில்லை. உறையை மெருகேற்றிப் பாதுகாப்புப் பூச்சு பூச வேண்டும். மழைக்குப் பின் உள்ளே தோன்றும் மெல்லிய பனிமூட்டம், விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நீர் தேங்கி நின்றால், உறையில் விரிசலோ பின்புற ரப்பர் மூடி விலகலோ இருக்கும்.

2018 ஆகஸ்ட் மாதம் பெரியாறு பெருக்கெடுத்தபோது, களமசேரிக்கு அருகிலுள்ள ஆலுவா உள்ளிட்ட பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வாகனங்களின் ஒயரிங் இணைப்புகளில் அரிப்பு மெதுவாகவே வெளிப்படும். ஆகவே, பழைய கார் வாங்குவோர் முகப்பு விளக்கின் உட்புறத்தில் சேற்றுக் கோடும், கப்ளர்களில் பச்சை நிறப் படிவும் உள்ளனவா எனப் பார்ப்பது நல்லது.

கூடுதல் ஒளிக்கான குறுக்குவழிகள்

மங்கலைப் போக்க 100 வாட் பல்பு பொருத்துவோர் உண்டு. 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 100 வாட் பல்போ 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். இணைப்புகளில் உண்டாகும் வெப்பம் இதனால் ஏறத்தாழ 2.8 மடங்காகிக் கப்ளரே உருகிவிடலாம். ஹாலஜனுக்கென அமைந்த பிரதிபலிப்பானில் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால், ஒளி பிறக்கும் இடம் மாறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடும். 106-ஆவது விதி, ஒளிக்கற்றை கீழ்நோக்கியே அமைய வேண்டும் என வலியுறுத்துகிறது. பின்னிருக்கையிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றினால் காரின் முன்பகுதி உயர்ந்து ஒளியும் மேலெழும். ஓட்டுநர் அருகிலுள்ள திருகியால் அதைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

பாலிசியும் பழுதும்

வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பாலிசி, தேய்மானத்தையும் மின்சாரப் பழுதையும் ஈடுசெய்வதில்லை. தனியாகப் பொருத்திய மின்சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் அறிவித்துப் பாலிசியில் சேர்க்காவிட்டால் அவற்றுக்கும் இழப்பீடு கிடைக்காது. கடன் நிலுவையில் உள்ள வாகனம் வங்கிக்கு ஈடாக இருப்பதால், மாற்றங்களைச் செய்யும் முன் இதை நினைவிற்கொள்ளுங்கள். மழைக்காலத்திற்கு முன் ஒரு மாலை வேளையில், சுவரை நோக்கிக் காரை நிறுத்தி விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பாருங்கள். இரு ஒளிவட்டங்களும் ஒரே உயரத்தில், ஒரே பிரகாசத்தில் தெரியவில்லையெனில், மறுநாளே ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் செல்லுங்கள்; அதுவரை இரவுப் பயணத்தைத் தவிருங்கள்.