100 வாட் எங்கிருந்து வருகிறது?

சப்ஊஃபருக்கு ஆம்ப் போர்டு தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதன்மேல் எழுதியிருக்கும் ‘100 வாட்’. பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி போர்டுகளுக்கு இது பொருந்தும். சப்ளை வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்.

4 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் கொடுத்தால் 144-ஐ 8-ஆல் வகுக்க, 18 வாட். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரில் 45 வாட். 24 வோல்ட்டில் 72 வாட். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் அந்த 72-ம் 36 ஆகிவிடும். இவை உச்ச வரம்புகள். சிப்பும் ஒயரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் கைக்கு வருவது இன்னும் குறைவு. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் மொத்தமாகத் தருவதே 24 வாட்தான். அதை மாட்டிவிட்டுப் போர்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

72 வாட் வெளியே வர, 90 சதவீதத் திறனில் 80 வாட் உள்ளே போக வேண்டும்: 24 வோல்ட்டில் 3.3 ஆம்பியர். ஆகவே 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை போதும். ஆனால் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் வோல்ட்டை 10 சதவீதம் ஏற்றும் திருகு ஒன்று உண்டு. முழுக்கத் திருகினால் 26.4 வோல்ட், இந்தச் சிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட உச்சம் 26. மல்டிமீட்டரில் அளக்காமல் இணைக்கவே வேண்டாம்.

நான் 100 ரூபாய் ஒதுக்கினால் 45 பவர் சப்ளைக்கு, 25 போர்டுக்கு, 15 ஃபில்டருக்கு, 15 ஒயருக்கும் கனெக்டருக்கும். 72 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் ஒலியில் வித்தியாசம் 1.4 டெசிபல், காது அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், அதே போர்டின் வாட் இரட்டிப்பானது போல.

இரட்டைக் காயில் ஸ்பீக்கரில் கவனம் வேண்டும். 4 ஓம் காயில்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பில் 2. வழக்கமான பிரிட்ஜ் இணைப்பில் இந்தச் சிப் 3.2 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. 2 ஓமுக்கு மோனோ போர்டுதான் வேண்டும்.

ஸ்பீக்கரின் மைனஸ் முனையை ஒருபோதும் கிரவுண்டோடு சேர்க்காதீர்கள். பாட்டு ஓடாதபோதும் இரு முனைகளிலும் சப்ளையில் பாதியளவு, சுமார் 12 வோல்ட், நிற்கும் போர்டுகளே அதிகம். கிரவுண்டில் பட்டால் ஷார்ட்.

இடது, வலது சிக்னல்களையும் நேராக முறுக்கி ஒன்றாக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்: வெட்டும் இடம் 68 ஹெர்ட்ஸ் அருகே. ஆனால் 136 ஹெர்ட்ஸில் 7 டெசிபல்தான் குறையும். பாடகர் குரலும் பெட்டிக்குள் முனகும். தனி ஃபில்டர் போர்டுக்கு அந்த 15 ரூபாய் தகும்.

ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் செம்பு. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.34 ஓம், சக்தியில் 8 சதவீதம் வழியிலேயே சூடாகிப் போகும். 1.5 ஒயரில் 3 சதவீதத்துக்கும் கீழே.

கரன்ட் பில் பயம் வேண்டாம். சாதாரணமாகப் பாட்டுக் கேட்கையில் சராசரி 15 வாட் என்று வைத்தாலும், தினம் 3 மணி நேரத்துக்கு 60 நாளில் 2.7 யூனிட்.