அமெரிக்காவில் ஆங்கிலத்துக்கு ஆபத்தா?

2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, ஆங்கிலத்தை அமெரிக்காவின் ஆட்சிமொழியாக அறிவித்தது. அதுவரை, ஏறக்குறைய 250 ஆண்டுகளாக, தேசிய அளவில் ஆட்சிமொழி என்று எதுவுமே அங்கே கிடையாது. ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கும் அரசுச் சேவைகள் எட்ட வேண்டும் என்று 2000இல் கிளின்டன் பிறப்பித்த ஆணையும் அதோடு ரத்தானது. குடியேறிகள் ஆங்கிலம் கற்க மாட்டார்கள், நாடு மொழிவாரியாகப் பிளந்துவிடும் என்ற அச்சமே இத்தகைய கோரிக்கைகளுக்கு வலுவூட்டி வந்திருக்கிறது. அந்த அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

அச்சம் புதிதும் அல்ல. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் நம்மையும் ஜெர்மானியர்களாக்கிவிடுவார்களோ என்று 1751லேயே பெஞ்சமின் பிராங்க்ளின் கவலைப்பட்டு எழுதினார். முதல் உலகப் போரின்போது, 1918இல், அயோவா ஆளுநர் ஹார்டிங் ரயிலிலும் தொலைபேசியிலும்கூட வேற்றுமொழி பேசக் கூடாதென்றார். நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு வேற்றுமொழி கற்பிப்பது 1919இல் குற்றமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, மதிய இடைவேளையில் 10 வயதுச் சிறுவனுக்கு பைபிள் கதைகளை ஜெர்மன் மொழியில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் 1923இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. தடையால்தான் ஜெர்மானியர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள் என்று சிலர் வாதிடலாம். போர்க்கால வெறுப்பு அதை விரைவுபடுத்தியது உண்மை. ஆனால் இத்தாலியர்களின் பேரப்பிள்ளைகளும் போலந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் அப்படியேதான் மாறினார்கள். பள்ளியும் வேலையும் திருமணமும் அந்த மாற்றத்தைச் செய்து முடித்தன.

ஸ்பானிய மொழி அப்படியல்ல, மெக்சிகோ பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். வலுவான வாதம்தான். ரூம்பாட், மாஸி, பீன் ஆகிய மூன்று சமூகவியலாளர்கள் 2006இல் இதையே சோதித்தார்கள். அதுவும் எல்லையை ஒட்டிய தெற்கு கலிபோர்னியாவில். மெக்சிகோ வம்சாவளியினரிடம் ஸ்பானியம் மற்றக் குடியேறிகளின் மொழிகளைவிடக் கூடுதல் காலம் நிற்கிறது. ஆனாலும் மூன்றாம் தலைமுறைக்குப் பின் அதுவும் பிழைப்பது அரிது என்று கண்டார்கள். புதிதாக வருகிறவர்களின் பேச்சு நம் காதில் விழுகிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்குள் கரைந்துபோவது கண்ணில் படுவதில்லை. இரு மொழி இருந்தால் நாட்டுப்பற்று இரண்டுபடும் என்பதும் பொய். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தபோதே, அவர்களின் பிள்ளைகள் ராணுவ உளவுப் பிரிவில் எதிரியின் ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள்.

நாட்டுக்குப் பொதுமொழி வேண்டாமா என்றால், வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பதுதான் அரசின் வேலை. சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளை எந்த உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்பில் உட்காரவைத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 1974இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998இல் இருமொழி வகுப்புகளைப் பெருமளவு ஒழித்த கலிபோர்னிய வாக்காளர்களே, 2016இல் 70 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவுடன் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 2025 ஆணையோ ஓர் ஆங்கில வகுப்பைக்கூடப் புதிதாகத் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஆங்கிலம் வர வேண்டும் என்று வாஷிங்டன் மெய்யாகவே விரும்பினால், வேலை முடிந்து வருகிறவர்களுக்கான மாலை வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கட்டும். அவர்கள் கற்று முடிக்கும்வரை மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுவைக்கட்டும்.